வீட்டிலேயே சலவைத் தூள்: எங்கே காசு மிஞ்சும், எங்கே மிஞ்சாது

வீட்டில் சலவைத் தூள் செய்யும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். ஒரு சோப்புக்கட்டியைத் துருவுவார்கள். வாஷிங் சோடா ஒரு கப், வெண்காரம் ஒரு கப் சேர்ப்பார்கள். கலக்கி டப்பாவில் அடைத்துவிட்டு, இனிமேல் கடைப்பக்கமே போக வேண்டாம் என்பார்கள். இந்தக் கலவை அமெரிக்க வீடுகளில் பிரபலமானது. அங்கே பிராண்டு சலவைத் திரவம் விலை கூடுதல், சோப்புக்கட்டி மலிவு. அதனால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

நம் ஊர்க் கதை வேறு. 1969இல் கர்சன்பாய் படேல் என்பவர் அகமதாபாத்தில் தன் வீட்டிலேயே சலவைத் தூள் கலக்கி, சைக்கிளில் வைத்து வீடுவீடாக விற்க ஆரம்பித்தார். அதற்குப் பத்து வருஷம் முன்பே சர்ஃப் இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனால் அது வசதியானவர்கள் வாங்கும் பொருள். படேல் தன் தூளை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் கொடுத்தார். அதுதான் நிர்மா. வீட்டில் செய்த தூளே கடைத் தூளாகி, மலிவு விலைத் தூளுக்கு ஒரு பெரிய சந்தையையே உருவாக்கிவிட்டது. அதனால் இன்றைக்கு நாம் சோப்பைத் துருவிக் கிளம்பினால் போட்டி போட வேண்டியது அந்த மலிவுத் தூளோடுதான். அதை விலையில் ஜெயிப்பது லேசில்லை.

அப்படியென்றால் வீட்டில் செய்வது வீண் வேலையா? முழுக்க வீண் இல்லை. எந்த வேலைக்கு எதைச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கீழே வரும் கணக்குகளுக்கு நான் எடுத்துக்கொண்ட விலைகள் இவை: சாதாரணச் சலவைத் தூள் கிலோ 70 ரூபாய், மெஷினுக்கான மேட்டிக் தூள் கிலோ 220, சலவை சோடா (வாஷிங் சோடா) கிலோ 60, எண்ணெயில் செய்த சலவை சோப்பு கிலோவுக்கு 140, பூந்திக்கொட்டை கிலோ 160. உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறும், இறங்கும். உங்கள் விலையைப் போட்டு ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், இப்போது என்ன செலவாகிறது?

எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். புதிதாகப் பிரிக்கும் தூள் பாக்கெட்டின் மேல் தேதியை எழுதுங்கள். ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். பாக்கெட் தீர்ந்ததும் விலையைக் கோடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு துவைப்புக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கிலோ விலையை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். கிலோ விலை குறைவு என்று வாங்கிய தூளை இரண்டு மடங்கு கொட்டினால் என்ன லாபம்?

கூடவே, வழக்கமாக அள்ளிப் போடும் அளவைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். இதில்தான் பல பேருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. பாக்கெட்டில் 50 கிராம் என்று அச்சடித்திருக்கும். நம் கை அள்ளுவது 80, 90 கிராம் இருக்கும். மேட்டிக் தூளில் 80 கிராம் என்றால் ஒரு துவைப்புக்கு 17 ரூபாய் 60 காசு. 50 கிராம் என்றால் 11 ரூபாய். மாதம் 20 முறை மெஷின் ஓடினால் வித்தியாசம் 132 ரூபாய். எதையும் துருவாமல், காய்ச்சாமல் மிஞ்சும் காசு இது.

கூடுதலாகப் போடுகிறோமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை அரை வாளி வெறும் தண்ணீரில் போட்டு நன்றாகக் கசக்கிப் பிழியுங்கள். நுரை வந்தால், தேவைக்கு மேல் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். துண்டு விறைப்பாக இருப்பதற்கும், ஈரம் பட்டதும் ஒரு புளித்த வாடை வருவதற்கும் இந்த மிச்சத் தூளும் ஒரு காரணம். அடுத்த வாரத்திலிருந்து கால்வாசி குறைத்துப் பாருங்கள். அழுக்கு போகிறதா என்று காலரையும் கைமடிப்பையும் பார்த்து, சரியாக இருந்தால் அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர்

வீட்டில் செய்த சோப்புத் தூள் ஒரு வீட்டில் அருமையாக வேலை செய்யும். பக்கத்துத் தெருவில் துணியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். காரணம் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூர் வீட்டையும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டையும் ஒரே குறிப்பால் திருப்திப்படுத்த முடியாது.

கடினத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். எண்ணெயிலிருந்து செய்த உண்மையான சோப்பு இவற்றைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் கரையாத பிசுக்காக மாறிவிடும். வாளியின் ஓரத்தில் வளையமாக ஒட்டுமே, விரலால் வழித்தால் மெழுகு மாதிரி வருமே, அதுதான். கறுப்புச் சட்டையில் காய்ந்த பிறகு வெள்ளைப் பூச்சாகத் தெரிவதும் அதுவே. கடையில் கிடைக்கும் டிடர்ஜென்ட் தூளில் இருப்பது சோப்பு இல்லை. வேறு வகை இரசாயனம். அது கடினத் தண்ணீரிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க, அரை லிட்டர் கண்ணாடி மாதிரித் தெளிந்த பாட்டிலில் பாதி தண்ணீர் பிடியுங்கள். எண்ணெய் சோப்பில் சுண்டல் அளவு சீவிப் போட்டு மூடி, நன்றாகக் குலுக்குங்கள். மேலே நுரை நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்மையான தண்ணீர். நுரை உடனே அமுங்கி, தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி, திரித்திரியாக மிதந்தால் கடினம். பக்கத்தில் மழைத்தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ அதே சோதனையைச் செய்து வைத்துக்கொண்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிடர்ஜென்ட் கட்டியை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். எந்தத் தண்ணீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும்.

எண்ணாகவே வேண்டும் என்றால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். மொத்தக் கடினத்தன்மை என்ற வரியைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது.

இந்த எண் காசோடு எப்படிச் சேருகிறது என்று பாருங்கள். கடினத்தன்மை 300 உள்ள தண்ணீர், 20 லிட்டர் வாளி. இதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கணக்குப் போட்டால் 6 கிராம். அதை மடக்க மட்டும் ஏறக்குறைய 36 கிராம் சுத்தமான சோப்பு செலவாகும். அதாவது துணியின் அழுக்கைத் தொடுவதற்கு முன்பே 36 கிராம் காலி. அதே வேலையைச் சலவை சோடா ஏறக்குறைய 6 கிராமில் முடித்துவிடும். கிலோ 140 ரூபாய் சோப்பில் ஐந்து ரூபாய் போகிற இடத்தில், சோடாவில் நாற்பது காசுகூட ஆகாது. வீட்டுச் சலவையில் சிக்கனம் என்றால் என்னைப் பொறுத்தவரை முதல் இடம் சோடாவுக்குத்தான். சோப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சோடா வாங்கும்போது

நாட்டு மருந்துக் கடையில், கெமிக்கல் கடையில், சில பெரிய மளிகைக் கடைகளில் கிடைக்கும். வாஷிங் சோடா அல்லது சலவை சோடா என்று தெளிவாகக் கேளுங்கள். வெறுமனே சோடா என்றால் ஆப்பசோடாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது இட்லிக்கும் ஆப்பத்துக்கும் சரி; துணிக்குக் காரம் போதாது. அதைவிட முக்கியம், 'காஸ்டிக் சோடா' என்று எழுதிய பொட்டலத்தை வாங்கி வந்துவிடாதீர்கள். அது தோலை அரித்துவிடும்.

சலவை சோடா இரண்டு உருவில் வரும். ஒன்று கற்கண்டு போலப் படிகமாக இருக்கும். மற்றது வெள்ளை மாவு, அதை சோடா ஆஷ் என்பார்கள். படிகத்தின் எடையில் 63 சதவீதம் தண்ணீர்தான். ஒரு கிலோ படிகத்தில் உண்மையான சோடா 370 கிராம்தான் தேறும். ஆக, படிகம் கிலோ 40, மாவு கிலோ 60 என்றால் மாவுதான் மலிவு. நான் இங்கே சொல்லும் அளவெல்லாம் மாவுக்குத்தான். நம் தூத்துக்குடியிலேயே இதற்குத் தொழிற்சாலை உண்டு. கண்ணாடித் தொழிலுக்கும் சலவைத் தூளுக்கும் டன் கணக்கில் போகும் சரக்கு. அதனால் சில்லறையில் ரொம்ப விலை சொல்கிற கடையை விட்டு அடுத்த கடை பாருங்கள்.

சில வீடியோக்களில் ஆப்பசோடாவைச் சட்டியில் வறுத்துச் சலவை சோடா ஆக்கச் சொல்வார்கள். வேதியியல் சரிதான். ஆனால் ஒரு கிலோ வறுத்தால் 630 கிராம்தான் கிடைக்கும், கேஸும் செலவு. சலவை சோடா கிடைக்காத ஊருக்கு அது பொருந்தும், நமக்குத் தேவையில்லை.

சோடா தண்ணீர் கையை எரிக்கும், தோல் வறண்டு வெடிக்கும். ரப்பர் கையுறை போடுங்கள். கொட்டும்போது தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளியே போதும். பட்டு, கம்பளி இரண்டுக்கும் சோடா ஆகவே ஆகாது.

வாளித் துவையல்

கையால் துவைப்பவர்களுக்கும் செமி ஆட்டோமேட்டிக் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதில்தான் நல்ல பலன் கிடைக்கும்.

முந்தின நாள் இரவே 20 லிட்டர் வாளியில் தண்ணீர் பிடித்து, 10 முதல் 12 கிராம் சோடாவை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கலக்கிவிட்டு மூடி வையுங்கள். கணக்குப்படி 6 கிராம் போதும். ஆனால் மெக்னீசியம் லேசில் மசியாது. குளிர்ந்த தண்ணீரில் வேலையும் மெதுவாக நடக்கும். அதனால்தான் கூடுதல். தராசில் ஒருமுறை 12 கிராம் நிறுத்து, அது எந்த ஸ்பூனில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து அந்த ஸ்பூனையே சோடா டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். காலையில் வாளியின் அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு இருக்கும். அடியைக் கலக்காமல் மேல்தண்ணீரை வேறு வாளிக்கு மாற்றுங்கள். இப்போது அதே பாட்டில் சோதனையைச் செய்து பாருங்கள். நுரை நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அடுத்த முறை சோடாவை 3 கிராம் கூட்டுங்கள்.

இந்தத் தண்ணீரில் ஊறப்போட்டால் வழக்கமாகப் போடும் தூளில் பாதி, மிஞ்சினால் முக்கால் போதும். அழுக்கு வேட்டி, பனியன், சமையலறைத் துணி, தலையணை உறை எல்லாம் அரை மணி நேரம் ஊறினாலே தண்ணீர் பழுப்பாகிவிடும். சோடாவின் காரம் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைத்ததன் அடிப்படையும் இதுதான். உவர்மண்ணில் இருந்த காரம் இந்தச் சோடாதான். ஆவியின் சூடு அதற்கு வேகம் கொடுத்தது.

சாயம் போகிற துணியைச் சோடாத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். முதலில் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்.

சோப்புத் தூள் செய்தே தீர வேண்டும் என்றால்

தூளின் வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள், குழந்தைத் துணிக்கு வாசனை இல்லாமல் வேண்டும் என்பவர்கள், தண்ணீர் மென்மையாக உள்ள ஊர்க்காரர்கள் இதைச் செய்து பார்க்கலாம். செலவு குறையும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள்.

முதலில் சரியான கட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 501 பார் போன்ற எண்ணெய் சோப்போ காதிக் கடையின் சலவை சோப்போ வேண்டும். துணிக்கு என்று விற்கும் நீலக்கட்டி, பச்சைக்கட்டிகளில் பெரும்பாலானவை டிடர்ஜென்ட் கட்டிகள். கட்டி கெட்டியாக நிற்பதற்காக அவற்றில் களிமண் வகையும் கல்மாவும் நிறையச் சேர்த்திருப்பார்கள். கையால் தேய்க்க அது வசதி. துருவி மெஷினில் போட்டால் கல்மாவை டிரம்முக்குள் கொட்டுவதுதான் மிச்சம்.

சோப்பை இரண்டு நாள் காற்றாட உலர்த்தி, நைசாகத் துருவி, மறுபடி ஒருநாள் நிழலில் காயவிடுங்கள். மொறமொறப்பாக உடையும் பதம் வந்ததும், சோப்பு எவ்வளவோ அதே எடை சோடாவோடு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறிப் பிசினாகிவிடும். மூடியைத் திறப்பதற்கு முன் இரண்டு நிமிஷம் பொறுங்கள், தூசி அடங்கட்டும். இதற்கென்று ஒரு பழைய ஜார் ஒதுக்குவது நல்லது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். மாவு மாதிரியே இருக்கும்; சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டவும் கூடாது.

அமெரிக்கக் குறிப்பில் வரும் வெண்காரத்தை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கும் பொருள் அது. சலவைக்கு அது இல்லாமலும் நடக்கும்.

ஒரு வாளிக்கு இந்தத் தூள் 30 கிராம். கிலோ அடக்கம் 100 ரூபாய் ஆகிறது. அப்படியானால் வாளிக்கு 3 ரூபாய். கடைத் தூள் 60 கிராம் போட்டால் 4 ரூபாய் 20 காசு. 45 கிராம் போட்டால் 3 ரூபாய் 15 காசு. துருவிய நேரத்தையும் மிக்ஸி கழுவிய தண்ணீரையும் சேர்த்தால் லாபம் ஒன்றும் இல்லை. கடினத் தண்ணீர் என்றால் நஷ்டம்தான்.

இன்னொரு யோசனையும் அடிக்கடி கேட்பார்கள்: மலிவுத் தூளில் சோடா கலந்து பெருக்கலாமே? வேண்டாம். மலிவுத் தூளில் ஏற்கெனவே பெரும்பங்கு சோடாவும் நிரப்பிப் பொருளும்தான். மேலும் கலந்தால் கை எரிச்சல்தான் கூடும்.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

ஃப்ரண்ட் லோடு மெஷினில் வீட்டுச் சோப்புத் தூள் போடாதீர்கள். குறைந்த தண்ணீரில் புரட்டிப் புரட்டித் துவைக்கிற மெஷின் அது. நுரை கூடினால் துணி நுரையிலேயே மிதந்து அழுக்குப் போகாது, அலசலும் சரியாக நடக்காது. சோப்புப் பிசுக்கு ரப்பர் வளையத்தின் மடிப்பிலும் குழாயிலும் படிந்து, பூஞ்சை பிடித்து நாறும். டாப் லோடு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பிசுக்கு அதிலும் படியும்.

சோடாவைக் கூட நேராக மெஷினில் போடுவதில் ஒரு சிக்கல். வாளியில் படிவைக் கீழே விட்டுத் தெளிவை எடுக்கிறோம். மெஷினில் அந்தப் படிவு துணி மேலும், தண்ணீர் சுடும் கம்பி மேலும்தான் உட்காரும். செமி ஆட்டோமேட்டிக்கில் தெளிந்த தண்ணீரை வாளியால் ஊற்றிக்கொள்ளலாம். முழு ஆட்டோமேட்டிக்கில் அதற்கு வழியில்லை. அவர்கள் செய்ய வேண்டியது நல்ல மேட்டிக் தூளை வாங்கி அளந்து போடுவதும், காலர் மாதிரி இடங்களுக்குச் சோப்புக்கட்டியைத் தேய்த்துவிட்டு உள்ளே போடுவதும்தான். உப்புப் படிவுக்கு மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 100 கிராம் போட்டு, துணியில்லாமல் சுடுதண்ணீரில் ஓட்டுங்கள். பிராண்டு பெயரில் விற்கும் டீஸ்கேல் தூள்கள் பலவற்றிலும் வேலை செய்வது இந்த அமிலம்தான். எலுமிச்சை உப்பையோ வினிகரையோ பிளீச்சோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், ஆபத்து.

வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்க வைக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது உப்புத்தண்ணீர்.

பட்டுக்கும் நூல்புடவைக்கும் பூந்திக்கொட்டை

வீட்டில் செய்வதில் எனக்கு ரொம்பப் பிடித்ததும், பணம் கண்கூடாக மிஞ்சுவதும் இதுதான். கடைக்குப் போட்டால் ஒரு பட்டுப்புடவைக்கு நூறு ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். வீட்டில் ஐந்து ரூபாயில் முடியும். நகை கழுவப் பொற்கொல்லர்கள் வைத்திருப்பதும் இதே கொட்டைதான். அதன் தோலில் இருக்கும் சபோனின் என்ற பொருள் நுரையைக் கொடுக்கிறது. சோடா மாதிரிக் காரம் இல்லாததால் பட்டு இழையைக் கெடுக்காது.

கொட்டையைத் தட்டி விதையை எடுத்துவிடுங்கள். நல்ல சரக்கு என்றால் தோல் பழுப்பாக, லேசாகப் பிசுபிசுவென்று, பேரீச்சம்பழத் தோல் மாதிரிச் சுருங்கி இருக்கும். கறுத்து, தொட்டால் நொறுங்குகிற சரக்கு பழசு. விதை நீக்கிய தோல் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வையுங்கள். காலையில் சிறுதீயில் 15, 20 நிமிஷம் கொதிக்கட்டும். நுரைத்துக்கொண்டு பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். பெரிய பாத்திரமாக எடுப்பது நல்லது. ஆறியதும் கையால் பிசைந்தால் தோல் கூழாகி விரலிடுக்கில் வழுவழுவென்று நழுவும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சக்கையில் இன்னொரு அரை லிட்டர் ஊற்றிப் பிசைந்து எடுக்கலாம். அதைக் கால்மிதியடி ஊறவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அரை வாளித் தண்ணீருக்கு 150 மில்லி ஊற்றிக் கலக்கி, புடவையை முக்கி, ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஊறவிடாமல் மெதுவாக அலசி எடுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். சுங்குடி, கண்டாங்கி மாதிரி நூல்புடவைகளையும் இப்படியே துவைக்கலாம். புதுப்பட்டு, கனமான ஜரிகை, முந்தியில் அடர்நிற பார்டர் உள்ள புடவை என்றால் முதல் சலவையை டிரை கிளீனிங்குக்கே கொடுங்கள். அந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாறு பழுப்பு நிறம் என்பதால் வெள்ளைப் பட்டுவேட்டிக்கும் இது ஆகாது.

வெளியே வைத்தால் சாறு இரண்டு நாளில் புளித்துவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைக் கவரில் போட்டு 'பூந்தி, குடிக்கக் கூடாது' என்று எழுதி வைத்தால் இன்னும் நாள்பட வரும். கண்ணில் பட்டால் பயங்கரமாக எரியும். உடனே தண்ணீரால் கழுவுங்கள். காய்ந்த தோலைப் பொடித்தால் தும்மித் தீர்க்க வேண்டியிருக்கும். மீன்தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள், சபோனின் மீனைக் கொல்லும்.

தினசரி அழுக்குத் துணிக்கு இதை நம்பவேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் ஊறிப்போன சட்டைக்கு இதன் பலம் போதாது.

கெமிக்கல் கடைக் கிட்

சென்னையில் பாரிமுனை சுற்றுவட்டாரத்திலும் மற்ற ஊர்க் கெமிக்கல் கடைகளிலும் 10 லிட்டர் சலவைத் திரவம் செய்யும் பொருள்களை ஒரே பையில் கட்டி விற்கிறார்கள். ஆசிட் ஸ்லரி (டிடர்ஜென்டுக்கு அடிப்படையான அமிலக் குழம்பு), காஸ்டிக் சோடா, எஸ்.எல்.இ.எஸ். என்ற நுரை தரும் கூழ், உப்பு, வாசனை, நிறம் இருக்கும். ஆசிட் ஸ்லரிக்கு மூலப்பொருளான எல்.ஏ.பி. என்ற பெட்ரோலிய இரசாயனம் நம் சென்னை மணலியிலேயே தயாராகிறது. கிட் 400 ரூபாய் என்று வைத்தால் லிட்டர் 40. ஒரு துவைப்புக்கு 75 மில்லி என்றால் 3 ரூபாய். லிட்டர் 200 ரூபாய் பிராண்டுத் திரவத்தில் 60 மில்லிக்கு 12 ரூபாய். மாதம் 20 துவைப்புக்கு 180 ரூபாய் மிச்சம். விலையில் உண்மையாகவே ஜெயிப்பது இதுதான்.

ஆனால் இது பூந்திக்கொட்டை காய்ச்சுகிற மாதிரி வேலை இல்லை. ஸ்லரி கடும் அமிலம், காஸ்டிக் கடும் காரம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நீளமான கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். குழந்தைகள் இல்லாத நேரம், காற்றோட்டமான திண்ணை அல்லது மொட்டை மாடி. பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சூடு முழுக்க ஆறட்டும். ஸ்லரியைத் தனியாகத் தண்ணீரில் மெதுவாகக் கரையுங்கள். பிறகு காஸ்டிக் தண்ணீரைச் சிறிது சிறிதாக அதில் சேர்த்து, மரக்கரண்டியால் ஒரே திசையில் கலக்குங்கள். கடைக்காரர் பொட்டலம் சரியாகக் கட்டியிருக்கிறாரா என்று தெரிய, 100 கிராம் ஸ்லரிக்கு காஸ்டிக் 12 கிராம் அளவு வரும் என்று நினைவில் வையுங்கள். அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். 7க்கும் 8க்கும் நடுவில் நின்ற பிறகுதான் எஸ்.எல்.இ.எஸ்., நிறம், வாசனை. உப்புக் கரைசல் கடைசி. அது சேரச் சேரத் திரவம் கெட்டியாகும். ஒரு அளவு தாண்டினால் மறுபடி தண்ணீராகிவிடும். அதனால் ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்து, பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். நுரை அடங்க ஒரு இரவு விட்டு பாட்டிலில் ஊற்றலாம். குளிர்பான பாட்டிலில் மட்டும் வேண்டாம், யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

பி.எச். தாள் வாங்கச் சோம்பல்படுகிறவர்கள் கிட் பக்கம் போகாமல் இருப்பது மேல். இந்தத் திரவம் வாளிக்கும் செமி ஆட்டோமேட்டிக்குக்கும் சரி. நுரை அதிகம் என்பதால் ஃப்ரண்ட் லோடுக்கு ஆகாது.

வீட்டுச் சரக்கில் இல்லாதவை

விலை கூடிய கடைத் தூளில் நொதிகளும் வெண்மை கூட்டும் சாயமும் இருக்கும். இரத்தம், பால், முட்டை, சோற்றுக் கஞ்சி மாதிரிக் கறைகளை நொதிகள்தான் உடைக்கும். வீட்டுச் சரக்கில் அவை இல்லை. பள்ளிச் சீருடைக்கும் குழந்தைத் துணிக்கும் ஒரு சின்ன பாக்கெட் நல்ல தூளைத் தனியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இரத்தக் கறையைப் பச்சைத்தண்ணீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். மஞ்சள் கறை சோப்போ சோடாவோ பட்டதும் செக்கச்செவேல் என்று சிவக்கும். பதறாதீர்கள், கறை பெருகவில்லை. அலசிவிட்டு நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டால் வெளிறிவிடும்.

வெள்ளைத் துணி கொஞ்ச நாளில் மங்கலாகத் தெரிந்தால் அழுக்கு என்று நினைத்துத் தூளைக் கூட்டாதீர்கள். பழைய முறைப்படி கடைசி அலசலில் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சள் தோற்றம் மறையும்.

கழிவுநீரை எங்கே விடுகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சோடாத் தண்ணீரைத் தொடர்ந்து வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினால் மண் உவர்ந்துபோய் இலை ஓரம் கருகும். அதைச் சாக்கடையிலேயே விடுங்கள். பூந்திக்கொட்டை அலசல் தண்ணீரை மட்டும், கடைசி அலசல் என்றால், செடிக்குப் போடலாம்.